முன்னூற்று முப்பத்தாறு

"நாப்பது பேருல முப்பத்தொம்பது பேருக்கு முன்னூத்தி முப்பத்தாறு வந்திருக்கு. ஒனக்கு மட்டும் எப்படிம்மா இருநூத்தித் தொண்ணூத்தெட்டு வரும்?"

வெளிக் காலேஜிலேர்ந்து எக்ஸ்டர்னலா வந்த சூசைமாணிக்கம் சார் பேப்பரை மேசையில வீசினார். சுகுணா தலையைக் குனிஞ்சு நின்னா.

முதல் வருசம் பிசிக்ஸ் பிராக்டிக்கல். ஒரு கிராம் ஐஸ் உருக எத்தனை ஜூல் வெப்பம் வேணும்னு கண்டுபிடிக்கணும், அம்புட்டுதான். நாங்கள்லாம் அரை மணியில கணக்கை முடிச்சிட்டோம். இவ மட்டும் தண்ணியை எடை போடுறதும் தெர்மாமீட்டரை மொறைக்கிறதுமா மூணு மணி நேரம். எனக்கே எரிச்சலா வந்துச்சு. சார் அவ்வளவு நேரமும் ஸ்டாஃப் ரூமிலதான் இருந்தார், கடைசியில வந்து பேப்பரை மட்டும்தான் பார்த்தார்.

"எனக்கு அதுதான் சார் வந்துச்சு."

"வந்ததை அப்படியே எழுதுவியா? புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னு தெரியாது?"

பின்னாடி யாரோ சிரிச்சாங்க. நானும்தான்.

"கணக்கு சரியாத்தான் சார் போட்டிருக்கேன். பெயிலாயிட்டா ஸ்காலர்ஷிப் நின்னுரும். அப்புறம் வீட்ல படிக்க விடமாட்டாங்க சார்."

"அந்தப் பயம் வேலை செய்யும்போது இருந்திருக்கணும்."

சுகுணா எங்க மெர்லின் மிஸ்ஸைப் பார்த்தா. மிஸ் ஜன்னலைப் பார்த்தாங்க. சார் சிவப்பு மையில பெயில் போட்டுட்டார்.

மத்தியானம் சாருக்கு லெமன் ஜூஸ் கொண்டுபோற வேலை என் தலையில விழுந்துச்சு.

"என்னம்மா, வெந்நி மாதிரி இருக்கு? ரெண்டு ஐஸ் கட்டி போடக் கூடாதா?"

பக்கத்துல நின்ன லேப் அட்டெண்டர் ஆண்டிச்சாமி அண்ணன் முந்திக்கிட்டார். "ஐஸுக்கு எங்கிட்டு சார் போறது? லேப் பிரிட்ஜு ரிப்பேராகி ரெண்டு வருசமாச்சு."

மெர்லின் மிஸ் கண்ணைக் காட்டினாங்க. அண்ணன் எங்க கவனிச்சார்!

"அப்ப காலையில பிராக்டிக்கல்?"

"இவுகளுக்கெல்லாம் பழைய ரெக்கார்டு நோட்டு ரீடிங்தான் சார். அந்தப் பெயிலான புள்ள ஒண்ணுதான் மணமேல்குடி ஐஸ் கம்பெனியில வாங்கி, தெர்மாகோல் பெட்டியில வச்சு, பஸ்ஸுல கொண்டாந்து செஞ்சுச்சு."

எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு. பஸ்ஸுலயே பாதி உருகி ஒழுகுன ஐஸுக்குப் புத்தகத்துல உள்ள விடை எங்கேர்ந்து வரும்? பாவி மக, ஒரு வார்த்தை எங்களைக் காட்டிக்குடுக்கலையே!

"அப்ப சுகுணாவைப் பாஸ் போட்டுருங்க சார்." வாய் தவறிச் சொல்லிட்டேன்.

சார் ஜூஸை ஒரே மடக்குல குடிச்சுட்டு டம்ளரை வச்சார்.

"போட்டுரலாம்மா. அப்ப ஐஸே இல்லாம ஐஸை உருக்குன முப்பத்தொம்பது பேரையும் பெயில் போடணுமே! மொதல்ல ஒன் ரிஜிஸ்டர் நம்பரைச் சொல்லு."

நான் காலி டம்ளரை எடுத்துக்கிட்டு வெளியே வந்துட்டேன்.