பிள்ளையார் முன் ஐந்து சீட்டு

பத்தாயிரம் காகிதக் கவர்! சுமந்துக்கு இரவு பகலாக அதே நினைப்புதான்.

கரமனை அக்கிரகாரத்தில் ஜெயலக்ஷ்மி மாமி நடத்தும் கம்பெனியில் அவன் பேக்கிங் பொறுப்பாளன். பலாக்கொட்டை மாவு, பூசணித்தோல் துவையல் பொடி, வாழைத்தண்டு ஊறுகாய் என்று ஊரார் தூக்கிப் போடுவதையெல்லாம் ருசியாக்கி விற்கிற கம்பெனி அது. ஒரு காய்த்தோல் குப்பைக்குப் போனாலும் மாமி ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். அப்பேர்ப்பட்ட இடத்தில், கம்பெனிக்குப் புதுப் பெயர் முடிவாகும் முன்பே, தான் சொன்ன 'மிச்சமீதி'தான் ஜெயிக்கும் என்ற குஷியில் அவன் அந்தப் பெயரிலேயே கவர் அடிக்கக் கொடுத்துவிட்டான். அவை தம்பானூர் பார்சல் ஆபீஸில் வந்து இறங்கியும் விட்டன. வேறு பெயர் வந்தால் கவரோடு அவனுக்கும் வழியனுப்புதான்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் கூடி உட்கார்ந்தார்கள். கடையைக் கவனிக்கும் ஆஷா 'ஈட் எர்த்' என்றாள். வேன் ஓட்டும் ஷிஜு, பலாக்கொட்டைக்கு மலையாளத்தில் சொல்கிற 'சக்கக்குரு' என்றான். கணக்கு எழுதும் பிச்சுமணி கூச்சமே இல்லாமல் தன் பெண்டாட்டி பெயரைச் சொன்னார்.

"திங்கற சாமானுக்கு மிச்சமீதின்னு யாராவது பேர் வெப்பாளோ?" என்று சுமந்தை மட்டும் ஒரு பிடி பிடித்தார்.

"சண்டை வேண்டாம், கேட்டேளா? சீட்டுப் போட்டு எடுப்போம். பகவான் சொல்லட்டும்," என்றாள் மாமி. "எனக்கு எந்தப் பேர் வந்தாலும் சம்மதம். எண்ணிக்கைக்கு நானும் ஒண்ணு எழுதறேன்."

பழைய காலண்டர் தாளைக் கிழித்து ஆளுக்கொன்று எழுதி மடித்துக் கொடுத்தார்கள். மாமி ஐந்தையும் பூஜை அறைக்குள் கொண்டுபோய் மஞ்சள் தடவி, பித்தளைக் கிண்ணத்தில் போட்டு எடுத்துவந்து ஹாலில் பிள்ளையார் படத்தின் முன்னால் வைத்தாள். மணி பத்தரை.

"ஐயோ, ராகுகாலம் பொறந்துடுத்து! பன்னெண்டு கழியட்டும்," என்றாள்.

ஒன்றரை மணி நேரம்! பிள்ளையாரே தன்னைப் பார்த்துக் கண்ணடித்ததுபோல் இருந்தது சுமந்துக்கு.

எல்லோரும் அவரவர் வேலைக்குப் போனதும் அதே காலண்டர் தாளில் ஐந்து சீட்டு எழுதினான். ஐந்திலும் 'மிச்சமீதி'. மஞ்சளும் தடவினான். கிண்ணத்தில் இருந்ததைச் சட்டைப்பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு, தன்னுடையதை அதில் வைத்தான். "கணபதியப்பா, பழவங்காடி கோயில்ல உனக்கு நூத்தியெட்டுத் தேங்காய்!" என்று தோப்புக்கரணம் வேறு போட்டான்.

பன்னிரண்டு அடித்தது. எதிர்வீட்டுக் குழந்தை பத்மப்ரியா கிண்ணத்துக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தாள். பிச்சுமணி பிரித்தார். அவர் முகம் அஷ்டகோணலாயிற்று.

"மிச்சமீதி!"

ஷிஜு விசிலடித்தான். சுமந்த் துள்ளிக் குதித்தான். மாமியின் முகம் மட்டும் வெளிறிப் போயிருந்தது.

"அதெப்படி?" என்றாள். "அது எப்படி வரும்?"

அவள் கை மற்ற நான்கு சீட்டுகள் பக்கம் போயிற்று. தொலைந்தோம் என்று நினைத்தான் சுமந்த்.

"மாமி! பகவான் சொன்னதை நம்பாம பிரிச்சுப் பாக்கப் போறேளா?"

மாமியின் கை அப்படியே நின்றது. அவனை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, "எல்லாம் அவன் இஷ்டம்," என்று முனகிக்கொண்டே நான்கையும் வாரிக்கொண்டு போய் அடுப்பில் போட்டாள். துண்டுக் காகிதத்தைக்கூட உரக்குழிக்கு அனுப்புகிற மாமி!

தப்பித்த சந்தோஷத்தில் சுமந்துக்குத் தரையில் கால் பாவவில்லை. கவர்களை எடுத்துவரத் தம்பானூருக்குக் கிளம்பியவன், கரமனைப் பாலத்தில் நின்று பையிலிருந்த பழைய சீட்டுகளை எடுத்தான். ஆற்றில் விட்டுவிட்டால் தீர்ந்தது.

பாவம், மாமி என்ன பெயர்தான் எழுதியிருப்பாள்? ஒன்றைப் பிரித்தான். 'ஜெயா மாமி ஃபுட்ஸ்'. அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்ததைப் பிரித்தான். சிரிப்பு நின்றது. மிச்சம் மூன்றையும் அவசர அவசரமாகப் பிரித்தான்.

ஐந்திலும் மாமியின் குண்டு குண்டான கையெழுத்தில் 'ஜெயா மாமி ஃபுட்ஸ்' என்றே இருந்தது.