ஆஜராகாதவன்

"கோர்ட்டுக்குப் போகாம அன்னிக்கு எங்கதான் போய்த் தொலைஞ்ச?"

கேட்டவர் ராய்ஸ் டாக்கெட். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், மலைப்பக்கத்துச் சின்ன மாவட்டம் ஒன்றின் சிறை அது. நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும் ஆட்களை அடைக்கும் அறையில், எதிர் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஆரஞ்சு உடுப்பு அவருக்குப் பழகிப்போயிருந்தது.

வெண்டலுக்குப் பழகவில்லை. காலையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். உரிமத்தை வாங்கிக்கொண்டு போனவர் கைவிலங்கோடு திரும்பி வந்தார். போன மாதம் ஒரு போக்குவரத்து வழக்கில் ஆஜராகாததால் பிடிவாரண்ட் இருக்கிறது என்றார். இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்ததிலிருந்து வெண்டல் எதிரே நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு மகள் பள்ளி வாசலில் நிற்பாள். ஆறு வயது. அவள் அம்மா வீட்டை விட்டுப் போனதிலிருந்து குழந்தைகள் நலத்துறை அவன்மேல் ஒரு கண் வைத்திருந்தது. இன்று யாரும் வராவிட்டால் பள்ளி அவர்களைத்தான் கூப்பிடும். அவர்கள் கொண்டுபோய்விட்டால் பிள்ளையைத் திரும்ப வாங்குவது லேசில்லை. இவ்வளவையும் ராய்ஸிடம் சொல்லியிருந்தான்.

ராய்ஸ் இந்த விஷயங்களில் தேறியவர் போலப் பேசினார். நீதிமன்ற அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் வாரண்ட் இருக்கிறதா இல்லையா என்று சொல்லியிருப்பார்களாம். தானாகப் போய் நின்றிருந்தால் அன்றைக்கே அதை ரத்து செய்து, வேறு தேதி கொடுத்து அனுப்பியிருப்பார்களாம். பிடிபட்டு வருகிறவனிடம் நீதிபதி கேட்பது ஒன்றுதான்: ஏன் வரவில்லை? பதில் உருப்படியாக இருந்தால் இன்றைக்கே வீடு. மென்று விழுங்கினால் திங்கட்கிழமை வரை இங்கேதான்.

"எங்கிட்டச் சொல்லிப் பாரு, தம்பி. ஒத்திகைன்னு வெச்சுக்க. குடிச்சிட்டுத் தூங்கிட்டியா?"

"இல்லண்ணே."

"பொம்பள விவகாரமா?"

"அதெல்லாம் இல்ல."

"ஆஸ்பத்திரி, இல்லன்னா சாவு. இந்த ரெண்டுக்குத்தான் அந்த நீதிபதியம்மா மனசு இறங்கும். உனக்கு ரெண்டும் இல்லயே."

நல்ல காரணம் இருக்கிறது என்று மட்டும் வெண்டல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அப்ப வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதான? கொலையா பண்ணிட்டு வந்த?"

ராய்ஸ் மிச்சமிருந்த ரொட்டியில் பாதியை அவனிடம் நீட்டினார். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான்.

பிறகு ராய்ஸ் தன் கதைக்குப் போனார். மச்சானின் வைக்கோல் கொட்டகைக்குத் தீ வைத்ததாக அவர்மேல் வழக்கு. அந்த நேரத்தில் அவர் ஆற்றில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் பார்த்த ஆள் கிடையாது. விசாரணை முடிந்துவிட்டது, இன்று தண்டனை. பதினைந்து வருஷத்துக்குத் தயாராக இருக்கும்படி வக்கீல் சொல்லியிருந்தார்.

"ஜூரின்னு ஊர்ல இருந்து கூப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல வைக்கிற பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும், தம்பி. பதினொரு பேரு எடுத்த எடுப்புலயே குற்றவாளின்னுட்டாங்க. ஒருத்தன் மட்டும் மாட்டவே மாட்டேன்னு ரெண்டு நாள் நின்னிருக்கான். வக்கீல் அப்புறம் விசாரிச்சுச் சொன்னார். அவன் அப்படியே நின்னிருந்தா நான் இன்னிக்கு வீட்டுல இருப்பேன். திடீர்னு என்ன ஆச்சோ, அவனும் சரின்னுட்டான்."

அது யார் என்று தெரியுமா என்று வெண்டல் கேட்டான்.

"எங்க தெரியுது? அவங்க மூஞ்சிய மொறைச்சுப் பாக்காதேன்னு வக்கீல் சொல்லிட்டார். மூணு நாளும் மேஜையத்தான் பாத்துட்டிருந்தேன்."

காவலர் வந்து பெயர்களைப் படித்தார். இரண்டிரண்டு பேராகச் சங்கிலியில் கோத்து அழைத்துப்போவது அங்கே வழக்கம். வெண்டலின் இடது கையும் ராய்ஸின் வலது கையும் சேர்ந்தன. தன்னை வேறு யாரோடாவது கட்டும்படி வெண்டல் கெஞ்சினான்.

"உனக்கென்ன கல்யாணமா பண்ணி வெக்கிறேன், ஜோடி பாத்துக் கட்ட? நட."

"பயப்படாதடா, நான் பக்கத்துலதான் நிக்கப்போறேன்" என்றார் ராய்ஸ்.

கீழ்த்தளத்தில் வெண்டலின் வழக்கு. அது முடிந்ததும் தண்டனை கேட்க ராய்ஸை மேல்மாடிக்குக் கொண்டுபோவார்கள். அவர்கள் முறை வந்தபோது இரண்டரை மணி ஆகிவிட்டது. நீதிபதியம்மா கோப்பைப் புரட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஏன் வரவில்லை என்று கேட்டார்.

வெண்டல் உதட்டைக் கடித்தான். எதையாவது சொல்லிவிடலாமா என்று யோசித்தான். சொல்கிற பொய்யை ஒரே நிமிஷத்தில் சரிபார்த்துவிடுவார்கள். பள்ளி வாசலில் நிற்கப்போகும் பிள்ளை நினைவுக்கு வந்தது.

"சொல்லுடா" என்று ராய்ஸ் காதருகே கிசுகிசுத்தார். "பொண்ணு காத்திட்டிருப்பா."

"வந்திருந்தேன், அம்மா" என்றான் வெண்டல். "அன்னிக்கு இதே கட்டடத்துலதான் இருந்தேன். மேல்மாடியில, ஜூரி அறையில. வெளிய விடல. போனையும் வாங்கி வெச்சுட்டாங்க. தீர்ப்பு சொல்லி வெளிய விட்டப்ப, இங்க என் பேரக் கூப்பிட்டு முடிச்சிருந்தாங்க."

நீதிபதியம்மா எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் கணினியில் தேடிவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார். வாரண்ட் ரத்து, இப்போதே போகலாம் என்றார் நீதிபதியம்மா. கையெழுத்துப் போட்டுக்கொண்டே, அது எந்த வழக்கு என்று எழுத்தரைக் கேட்டார்.

எழுத்தர் படித்தார். "டாக்கெட் வழக்கு. கொட்டகைத் தீ."

வெண்டலின் மணிக்கட்டில் சங்கிலி இறுகியது. கீழே தன் பெயரைக் கூப்பிடுவதற்குள் ஓடிவந்துவிடலாம் என்றுதான், இரண்டு நாள் மாட்டேன் என்று நின்றவன் அன்று மதியம் சரி என்று கையைத் தூக்கியிருந்தான்.