தெரிந்தவர் போல

ரயில் லூயிஷாமில் நின்றது. தாரிணி இறங்கினாள். அவனும் இறங்கினான்.

கிரீனிச்சில் அவள் ஏறியபோது பெட்டியில் பாதி இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன. அவன் வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தான். தனியாகவா வந்திருக்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டான். தோழி காத்திருக்கிறாள் என்று பொய் சொன்னாள். எந்த ஸ்டேஷனில் என்றான்.

அவள் எழுந்தபோது மணிக்கட்டைப் பிடித்தான். சிரித்துக்கொண்டே பிடித்தான்.

உதறிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு ஓடி ஏறினாள். கதவு மூடுவதற்குள் அவனும் அதே பெட்டியில் இருந்தான்.

யாரும் தலை நிமிரவில்லை. எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஈரோட்டிலிருந்து தனியாகச் சுற்றுலா கிளம்பும் முன் இதையெல்லாம் அவள் படித்திருந்தாள். எவனாவது பின்தொடர்ந்தால் தங்கியிருக்கும் அறைக்குப் போகக் கூடாது, இடம் தெரிந்துவிடும். ஆளில்லாத தெருவில் திரும்பக் கூடாது. கூட்டத்துக்குள் போய், ஒரு பெண்ணாகப் பார்த்து உதவி கேட்க வேண்டும்.

படித்தபோது சுலபமாக இருந்தது. இப்போது கூட்டம் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

ஆட்கள் போகிற பக்கமே அவளும் போனாள். தெருவோரத்துச் சந்தை வந்தது. லேசான தூறல். கிண்ணம் கிண்ணமாகத் தக்காளியும் மிளகாயும் குவித்து வைத்து யாரோ கத்தி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஓடாமல், வேகமாக மட்டும் நடந்தாள்.

அப்போதுதான் ஒரு குரல் கேட்டது. தமிழ்.

"ஓம், மரக்கறி வாங்கிக்கொண்டு நிக்கிறன். பிறகு எடுக்கிறன்."

குளிர்கோட்டின் தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டிருந்த ஒரு பெண், போனைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். தாரிணி நேராகப் போய் அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, என்னைத் தெரிஞ்ச மாதிரி பேசுங்க. ரயில்லேர்ந்து ஒருத்தன் பின்னாலேயே வர்றான்."

அந்தப் பெண் ஒரு கணம்தான் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"எடி பிள்ளை! எப்பயடி வந்தனீ? போனில ஒரு கோல் எடுத்திருந்தா நானே ஸ்டேஷனுக்கு வந்திருப்பனே!"

சந்தைக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, தாரிணியை இழுத்துக் கட்டிக்கொண்டாள். குளிர்கோட்டில் கறிவேப்பிலை வாசம். காதருகில் மெதுவாகக் கேட்டாள், எந்தப் பக்கம் நிற்கிறான் என்று.

"எனக்குப் பின்னாடி. சாம்பல் கலர் ஜாக்கெட்."

அந்தப் பெண் தாரிணியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

தாரிணியும் மெல்லத் திரும்பினாள். போன் உறை விற்கிற கடைக்குப் பக்கத்தில் அவன் நின்றிருந்தான். இவர்களையே பார்த்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. பிறகு சட்டெனத் திரும்பி, ஒரு கிழவரை இடித்துக்கொண்டு ஓடினான்.

தாரிணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"போயிட்டான் அக்கா! உங்களைப் பார்த்ததுமே பயந்துட்டான்!"

அந்தப் பெண் அவன் ஓடிய பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். தக்காளியைப் பையில் கொட்டி நீட்டிய கடைக்காரர், அவளை இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பையைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

பாவம், நம்மைவிட இவள் அதிகம் பயந்துவிட்டாள் என்று தாரிணி நினைத்தாள். அருகிலிருந்த பெஞ்சில் அவளை உட்கார வைத்தாள்.

"உன்னில கை வச்சவனோ?" என்று அந்தப் பெண் கேட்டாள். இப்போது குரல் வேறாக இருந்தது.

தாரிணி சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினாள். மணிக்கட்டில் விரல்கள் பதிந்து சிவந்திருந்தன. அந்தப் பெண் அதைத் தொடாமல் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு போனை எடுத்தாள். போலீசுக்கு.

"வேண்டாம்க்கா," என்று அவளுடைய இன்னொரு கையைப் பிடித்தாள் தாரிணி. "அதான் போயிட்டானே. நாளன்னைக்கு எனக்கு ஃபிளைட்."

"நீ போயிடுவாய். நாளைக்கு வேறொரு பிள்ளை அந்த ரயிலில ஏறும்."

அதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினாள். நடந்ததைச் சொன்னாள். எந்தப் பக்கம் ஓடினான் என்று சொன்னாள். உயரம் சொன்னாள். தாடைக்குக் கீழே ஒரு பழைய தழும்பு இருக்கும் என்றாள்.

தாரிணி நிமிர்ந்தாள். ரயிலில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அவள் எந்தத் தழும்பையும் பார்க்கவில்லை.

ஆளின் பெயர் தெரியுமா என்று கேட்டிருப்பார்கள் போல.

"ஜதுசன்," என்றாள் அந்தப் பெண். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவர்கள் கேட்டதும் குடும்பப் பெயரையும் சொன்னாள். பிறந்த தேதியை யோசிக்காமல் சொன்னாள். பிறகு ஒரு விலாசம், கதவு எண்ணோடு.

தாரிணிக்குக் காதுகள் அடைத்துக்கொண்டன. சந்தையின் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போனது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்திருந்த தன் கையை எடுப்பதா, அப்படியே வைத்திருப்பதா என்று தெரியவில்லை.

மறுமுனையில் இன்னும் ஏதோ கேட்டார்கள்.

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். தூறல் முகத்தில் விழுந்தது. துடைக்கவில்லை.

"என்ர பேர் கிரிஜா," என்று எதனாலோ தமிழில் சொன்னாள். பிறகு சுதாரித்து, ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னாள். "நான் அவனுடைய அம்மா."

போனைத் தாரிணியிடம் நீட்டினாள்.

"இந்தா பிள்ளை. இனி நீ சொல்லு. எனக்காக ஒண்டையும் குறைக்காதை."