ஒரு பிழைச்செய்தி

வத்தேகமைக்கு மேலேயிருந்த தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை உலர்த்தும் ட்ரையருக்குள் துப்புரவு செய்ய இறங்கிய தொழிலாளி பெருமாள், அது தானாக ஓடத் தொடங்கியதில் இறந்துபோனார். அது மறுபடி நடக்காதபடி, ட்ரையரை இயக்கிய பழைய கணினிக்குப் புதிய நிரல் எழுத எந்தக் கருவியும் இல்லை; கணினியைச் செய்த கம்பனியே மூடிவிட்டது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்த கணினிப் பொறியியலாளர் சுகந்தினி மாதக்கணக்கில் மெனக்கெட்டு, நிரலை அந்தக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் ஒன்றை உருவாக்கிக் கொண்டுவந்தாள்.

புதிய நிரலில் ட்ரையரை ஓடவிடும் வரிக்கு வந்ததும் கம்பைலர் நின்றது. திரையில் ஒரு செய்தி: 'உள்ளே ஆள் இருக்கு.'

அவள் அப்படியொரு செய்தி எழுதவில்லை. அந்தக் கணினிக்குத் தமிழ் எழுத்தே கிடையாது.

தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் முத்துவேலு ட்ரையருக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். "யாரும் இல்லீங்க மிஸ்."

மறுபடி ஓட்டினாள். அதே செய்தி. "சத்தியமா நான் எழுதலீங்க," என்றாள்.

திரையை வாசித்த முத்துவேலு போய் ட்ரையரின் கதவை அகலத் திறந்தார்.

"பெருமாள் அண்ணே, வேல முடிஞ்சிருச்சு. வெளிய வாங்க."

சுகந்தினி மீண்டும் ஓட்டினாள். கம்பைலர் ஒரு பிழையும் சொல்லாமல் முடித்தது.

முத்துவேலு கதவோரம் ஒதுங்கி, வழிவிட்டு நின்றார். சுகந்தினியும் தான் உட்கார்ந்திருந்த கதிரையைச் சுவரோடு இழுத்துக்கொண்டாள்.