பொம்மை போட்டிருக்கும் சுவெட்டர்

சுவெட்டரின் கழுத்துப் பொத்தான் லேசில் நுழையவில்லை. எப்படியோ போட்டுவிட்டு, காய்ச்சலில் கிடந்த என் மகள் தர்ஷினியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். மலைக்குளிருக்குப் பயந்து வார்டிலும் யாரும் அந்தச் சுவெட்டரைக் கழற்றவில்லை. மூச்சுக்குத் திணறிய நெஞ்சு, யார் கண்ணிலும் படாமல் அந்தச் சுவெட்டருக்குள்ளேயே அடங்கிப்போனது. இப்போது அதே சுவெட்டர், ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையில் ஒரு ரப்பர் பொம்மைமேல் இருக்கிறது. நர்ஸுகள் பழகுவதற்காக, பொம்மைக்கு அம்மாவாக நான் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலை மூடுபனி அடைத்து நிற்கிறது. “பொம்மைக்குமா சிஸ்டர் குளிருது?” என்கிறான் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பொன்ராஜ். “சாந்தன்பாறையில கல்லுக்கே குளிரும்லா. நீ புள்ளயக் கவனி,” என்கிறார் பயிற்சி தரும் முருகேஸ்வரி. சிரிப்பு அடங்குகிறது. பொன்ராஜ் குனிந்து முதலில் பொத்தான்களைக் கழற்றுகிறான். ரப்பரைக்கூட உயிருள்ள பிள்ளையைப்போல அவ்வளவு பதமாகத் தொடுகிறான். “மூச்சு இழுக்கையில விலா எலும்புக்கு நடுவுல குழி விழுது,” என்று முருகேஸ்வரி சொன்னதும் என் பக்கம் திரும்புகிறான். “அக்கா, புள்ள எப்பவும்போல இருக்காளா?” அன்று என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. “இல்ல தம்பி. அழக்கூட மாட்டேங்கா.” அடுத்த நொடி ஆக்சிஜன் மாஸ்க் அவன் கையில் இருக்கிறது, டாக்டரைக் கூப்பிடும் குரலில் தயக்கமே இல்லை. பயிற்சிக்கு அடுத்த நர்ஸ் வருவதற்குள் நான் பொம்மைக்குச் சுவெட்டரைப் போட்டுவிடுகிறேன். கழுத்துப் பொத்தான் இன்னும் லேசில் நுழைவதில்லை.