குடம் நிறையும் சத்தம்

கடலோரக் குடிநீர் ஆலையில் மோட்டார் மூச்சிரைக்கக் கடல்நீரைத் தள்ளும். சல்லடை உப்பைத் தடுத்து, நல்ல தண்ணீரை மட்டும் ஊர்க் குடங்களுக்கு விடும். மிஞ்சுகிற உப்புநீருக்கோ ஒரு தடவையாவது குடத்தில் விழ ஆசை. எத்தனை முறை வந்தும் சல்லடை மசியவில்லை. அன்றும் உப்புநீர் வந்த வேகத்திலேயே கடலுக்குத் திரும்பியது.

வழியில் புதிதாக ஒரு சக்கரம் நின்றது. "உன் வேகத்தை எங்கிட்ட விட்டுட்டுப் போயேன். பின்னால வர்ற தண்ணியைத் தள்ளணும், பாவம், மோட்டாருக்கு முடியல."

"எனக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது."

உப்புநீர் தயங்கித் தயங்கி வேகத்தைக் கொடுத்தது. சக்கரம் சுழல, மோட்டாரின் இரைச்சல் தணிந்தது. மெல்ல நகர்ந்த உப்புநீருக்கு முதன்முதலாக ஒரு சத்தம் கேட்டது. மதிலுக்கு அப்பால் யாருடைய குடமோ நிறைந்துகொண்டிருந்தது.