தைத்து மூடிய பை

"கையைத் தூக்குங்க."

வாசற்கதவருகே மீன்காரர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். மனைவி அவருடைய சீருடைக் கோட்டின் இடப்பக்கப் பை, வலப்பக்கப் பை, கால்சட்டைப் பை என்று வரிசையாகத் தடவிப் பார்த்தாள். கடைசியாக, நெஞ்சுக்கு நேரே கோட்டின் உள்பையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"அதைத்தான் நீயே தைச்சு மூடிட்டியே! தைச்ச பையில என்னத்தத் தேடுற?"

"தையலைப் பிரிக்கத் தெரியாத ஆளா நீங்க? ம்... ஒண்ணும் இல்ல. போயிட்டு வாங்க."

"ஜெயில்ல கூட இப்படித் தடவ மாட்டாங்க."

"ஜெயில்ல இருக்கிறவங்க சொன்ன பேச்சு கேப்பாங்க."

மீன்காரர் என்றால் மீன் விற்பவர் அல்ல. மீன் காட்சியகத்தில், கண்ணாடித் தொட்டிகளுக்குப் பின்னால் நின்று இரை போடுகிறவர். தெருவில் எல்லோரும் வைத்த பெயர் அது.

போன மாதம்தான் அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்து, ரொட்டி, சோறு, உருளைக்கிழங்கு, இனிப்பு எல்லாவற்றுக்கும் கடிவாளம் போட்டார். இவர் எடை பார்க்கப் பக்கத்து அறைக்குப் போய்த் திரும்புவதற்குள் மனைவியும் டாக்டரும் ஏதோ குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். என்னவென்று கேட்டதற்கு, "உங்க வாயைப் பத்தித்தான்" என்று முடித்துவிட்டாள்.

மறுநாளே வேலையிடத்துத் தேநீர் மேசையிலிருந்து, நீலக் காகிதம் சுற்றிய சர்க்கரைக் கட்டிகளை உள்பையில் போட்டுக்கொண்டு வந்தவர் கையும் களவுமாகப் பிடிபட்டார். கட்டிகளைப் பறித்த கையோடு அவள் ஊசி நூலை எடுத்து அந்தப் பையைத் தைத்து மூடினாள். வீட்டிலிருந்த சர்க்கரை டப்பாவில் பாதாம் குடியேறியது. காலைச் சோதனையும் தொடங்கியது.

"நாளைக்கு மறுபடி ரத்தம் பார்க்கணும், ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"மறக்குமா? அளவு இறங்கலேன்னா தினம் ஊசின்னு சொல்லிட்டாரே." சொல்லும்போதே அவர் குரல் உள்ளே போயிற்று. ரத்தம் எடுக்கக் கை நீட்டினாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிற மனிதர்.

"டப்பாவில முட்டையும் கீரையும் இருக்கு. மிச்சம் வைக்காம சாப்பிடுங்க."

"சரிம்மா, சரி."

சரி என்றாரே தவிர, மனசுக்குள் வேறு கணக்கு. கொஞ்சமாகச் சாப்பிட்டால் அளவு இறங்கும் என்றால், ஒன்றுமே சாப்பிடாவிட்டால் தரையைத் தொடாதா? காலையிலும் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு முட்டையைப் பூனைக்குத் தள்ளியிருந்தார். மதியமும் டப்பாவைத் திறக்கவில்லை.

தொட்டிகளுக்குப் பின்னாலிருந்த நடைவழியில் வழக்கம்போல யாரும் இல்லை. சுவரெல்லாம் நீல வெளிச்சம் அலைந்தது. அவர் இரையைத் தூவினார். அது சர்க்கரைத் தூளாக மாறி மெல்ல இறங்கியது. ஜெல்லி மீன்கள் வெள்ளைத் தொப்பிகளைக் கழற்றி அவருக்கு வணக்கம் வைத்தன. ஒரு பெரிய மீன் புதிதாகச் சுட்ட ரொட்டிபோல உப்பிக்கொண்டு வந்து கண்ணாடியில் கன்னத்தை ஒட்டியது. கால்கள் எங்கோ போய்விட்டன. சுகமாகத்தான் இருந்தது. அவர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். பிடரியில் வியர்வை வழிந்தது. அது தொட்டித் தண்ணீர் என்று நினைத்தார்.

எங்கிருந்தோ மணியடித்தது. அது அவருடைய போன்தான் என்று புரியவே நேரம் பிடித்தது.

"சாப்பிட்டாச்சா?" மனைவியின் குரல்.

"மீனெல்லாம் தொப்பியைக் கழட்டுதும்மா..."

"என்ன உளறல் இது?"

"நான் மிதக்கிறேன். நீயும் வாயேன். இங்க ரொம்ப அழகா இருக்கு."

மறுமுனையில் அவள், "அக்கா, உங்க போனைக் கொண்டாங்க!" என்று யாரையோ கூப்பிடுவது கேட்டது. அடுத்து வந்த குரலில் கேலி துளியும் இல்லை.

"சாப்பிட்டீங்களா, இல்லையா?"

"மாத்திரை மட்டும்தான். தரையைத் தொடணும்ல?"

"கை நடுங்குதா?"

"என் கையா? அது... இறால் மாதிரி துள்ளுது."

"இங்க பாருங்க, நான் சொல்றதை மட்டும் கேளுங்க. கோட்டு உள்பையைப் பிய்யுங்க."

"அது தைச்சிருக்கு. நீதான்..."

"தையலைப் பிய்ச்சு எறிங்க! பலமா இழுங்க!"

நூல் படபடவென்று அறுந்தது. உள்ளே விட்ட விரல்களில் ஏதோ சதுரமாகத் தட்டுப்பட்டது. நீலக் காகிதம்.

"வாயில போட்டு மெல்லுங்க. எல்லாத்தையும். காட்சியகத்துக்கும் போன் பண்ணியாச்சு, பக்கத்து வீட்டு அக்கா போன்ல. ஆள் வந்துக்கிட்டே இருக்கு. பேசிக்கிட்டே இருங்க."

அவர் மென்றார். நீல வெளிச்சத்திலிருந்து சுவர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ரொட்டி மறுபடி மீனாயிற்று. மீன்கள் தொப்பிகளை மாட்டிக்கொண்டன. நடைவழியின் கோடியில் யாரோ ஓடிவரும் காலடி கேட்டது.

"இது... நீ அன்னிக்கு என்கிட்ட பறிச்ச கட்டிதானே?" என்றார் மெதுவாக.

"பின்னே? சர்க்கரை திடீர்னு ரொம்ப இறங்கிட்டா உடனே இனிப்பு வேணும், அது எப்பவும் உங்க கூடவே இருக்கணும்னு டாக்டர் சொன்னாரு. உங்ககிட்ட சொன்னா அந்தக் கட்டி தெருமுனை தாண்டுமா?"

"தினமும் தடவிப் பார்த்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொன்னியே..."

அவள் குரல் அப்போதுதான் உடைந்தது.

"இருக்கான்னு பார்த்துட்டுத்தாங்க உங்களை வெளியவே அனுப்பினேன்."